சாரலுக்கு முந்தைய சிவப்பு

பங்குனி, கடைசி வாரம்

தென்காசியில் வெயில் ஏறிவிட்டது. மொட்டை மாடித் தொட்டிகளில் 'காமரோனி' கற்றாழை செம்பு நிறத்துக்கு வந்திருக்கிறது. 'டொரோத்தியே' அதையும் மிஞ்சி, நுனி முதல் அடி வரை ஆரஞ்சுச் சிவப்பு. வற்றல் காயப்போட வந்த பக்கத்து வீட்டு ஆச்சி அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, கத்தாழைக்கு வெக்கை தாக்கிருச்சோ? இப்படிச் செவந்து கெடக்கே, ரெண்டு செம்பு தண்ணி ஊத்தக்கூடாதா?"

"அதோட நெறமே இதுதான் ஆச்சி. தண்ணி ஊத்துனா பச்சையாயிரும்."

ஆச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. நமக்குக் கற்றாழை என்றால் சோற்றுக்கற்றாழைதான். தலைக்குக் குமரித் தைலம், அடிபட்ட வீக்கத்துக்கு மூசாம்பரப் பற்று, கண்ணேறு கழிய வாசலில் தலைகீழாகக் கட்டிய செடி. அதுவும் அரேபியத் தீபகற்பத்திலிருந்து வந்ததென்றே ஆய்வுகள் காட்டுகின்றன. மண்ணில்லாமல் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டு உயிர் பிடித்திருக்கும் செடியைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறோம். அதன் உறவினங்கள் 500க்கு மேல் இருக்க, பார்த்து மகிழ்வதற்காக ஒன்றையாவது வளர்ப்போம் என்று நமக்குத் தோன்றாமல் போனது எனக்குப் பெரிய குறை.

சித்திரை

இந்தச் சிவப்பு நோயல்ல. வேருக்கு நீர் குறைந்து, வெயில் மிஞ்சும்போது, தேவைக்கு அதிகமான ஒளி இலையின் பச்சையத்தைக் கெடுத்துவிடும். அப்போது சில கற்றாழைகள் ரோடோசாந்தின் என்ற சிவப்பு நிறமியை உண்டாக்கி ஒளியை மட்டுப்படுத்துகின்றன. நீர் கிடைத்து வெயில் தணிந்தால் மறுபடி பச்சை. காமரோனி மலாவி, ஜிம்பாப்வே பக்கத்துப் பாறைகளில் வளர்வது. வறண்ட மாதங்களில் அங்கேயும் இப்படித்தான் சிவக்கிறது. நம் சித்திரை அதற்குப் புதிதல்ல.

நர்சரியின் பச்சை வலைக்கு அடியில் வளர்ந்த செடியை மட்டும் நேரே உச்சி வெயிலில் வைக்கக்கூடாது. இலை வெளுத்து, வெந்த தழும்பு விழும். முதலில் காலை வெயில் மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முழு வெயில். கலிபோர்னியாவின் கெல்லி கிரிஃபின் உருவாக்கிய 'கிறிஸ்துமஸ் கரோல்' போன்ற குட்டைக் கலப்பினங்களுக்கு மதிய நிழல் எப்போதும் வேண்டும்.

ஆனி

செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று புறப்பட்டுவிட்டது. குற்றாலத்தில் சீசன். ஊரே அருவிக்கு ஓடும்போது எனக்குத் தொட்டிகளின் மேல் கவலை.

உறைபனி தாங்காத செடி என்று மேல்நாட்டார் இவற்றைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறார்கள். இங்கே எதிரி சாரல். மழையென்று சொல்ல முடியாது. வெயிலும் வராது, மண்ணும் காயாது. நாள் முழுக்க இலையடுக்கில் ஈரம் தங்கி, குருத்து அழுகிவிடும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஐந்து கிலோமீட்டர்தான்; ஆனால் தொட்டி காய்வதில் அது பெரிய தூரம். கிழக்கிந்தியக் கம்பெனி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் வைக்கக் குற்றாலத்தைத் தேர்ந்தெடுத்தது இந்த ஈரத்துக்காகத்தான். அந்த மரங்களுக்கு ஏற்ற இடம் கற்றாழைக்கு ஆகாது.

ஆகவே மண் கலவையில் தாராளமாகக் கல் வேண்டும். ஒரு பங்கு செம்மண்ணுக்கு இரண்டு பங்கு, தூள் போக அலசிய எம்-சாண்டும் உடைத்த ஓட்டுச் சில்லும். மண் தொட்டி, அடியில் பெரிய துளை, கீழே தட்டு கூடாது. மேலே ஒளி புகும் தகடு, பக்கமெல்லாம் காற்றுக்குத் திறப்பு. ஆடி முடியும் வரை நான் தண்ணீர் ஊற்றுவதே இல்லை. சிவப்பு போய்ப் பச்சை படரும். போகட்டும். நிறத்தைப் பிடித்துவைப்பதைவிட வேரைக் காப்பது முக்கியம்.

மார்கழி

ஊட்டியில் உறைபனி என்று செய்தி. தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடிகளைக் கொண்டு மூடுவார்கள். கற்றாழை இலையெல்லாம் நீர்ச்சதை. அது உறைந்தால் செல்கள் சிதைந்து, வெயில் பட்டதும் இலை கூழாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த நம் மாடியில் அந்தப் பயம் கிடையாது. பகல் வெயில் இதமாக, இரவு குளிர்ச்சியாக, நிறம் மறுபடி ஏறுகிறது. கோடைச் செம்பைவிட இந்த மென்சிவப்புத்தான் எனக்குப் பிடிக்கிறது. மாவுப்பூச்சி மட்டும் இலைக்கக்கத்தில் ஒளிந்திருந்தது. வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன்.

தை

காமரோனி பூத்துவிட்டது. ஆப்பிரிக்காவில் இதன் தேனைக் குடிப்பவை தேன்சிட்டுகள். இங்கேயும் முதலில் கண்டுபிடித்தது நம் தேன்சிட்டுதான்.

டொரோத்தியேயின் பக்கக் கன்றுகளை இன்று பிரித்தேன். தான்சானியாவில் சிறு பகுதியில் மட்டும் காட்டில் மிஞ்சியிருக்கும், அழிவின் விளிம்பிலுள்ள இனம் இது. காட்டிலிருந்து பிடுங்கி வந்ததை யாரும் வாங்கக்கூடாது. சோற்றுக்கற்றாழை தவிர மற்றக் கற்றாழை இனங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் இருப்பதும் இதற்காகவே. வீட்டில் பெருக்கிய கன்று கைமாறினால் காட்டில் மிஞ்சியவற்றுக்குப் பாதகமில்லை. வெட்டுவாய் காய நிழலில் பரப்பியிருக்கிறேன். ஒன்று குற்றாலத்து மதினிக்கு. கிழக்குத் தாழ்வாரத்தில் வையுங்கள், சாரல் மேற்கிலிருந்துதான் வரும் என்று சொல்லியிருக்கிறேன்.