கணக்குக் காட்டாத போட்டோகிராபர்

என் செல்போனில் மொத்தம் 812 போட்டோக்கள் இருந்தன. பாதி கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு, கரண்ட் பில். மீதிப் பாதியில் ஓர் ஓரமாக என் கட்டை விரல். இந்த யோக்கியதையில் நான் போட்டோ போட்டியில் கலந்துகொள்ளப் போகிறேன் என்றதும், என் மனைவி ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியையே நிறுத்திவிட்டாள்.

"யாரு, நீங்களா?"

நானேதான். கிராமத்து முகங்கள்தான் தலைப்பு. செல்போனில் எடுத்த படம் மட்டும். முதல் பரிசு ஐயாயிரம் ரூபாய். எங்கள் சாலவாக்கத்தில் முகங்களுக்கா பஞ்சம்? ரிடையரான தமிழ் வாத்தியாருக்குப் பொழுதுக்கா பஞ்சம்?

மறுநாள் உச்சி வெயிலில் ஏரிக்கரைக்குப் போனேன். ஆடு மேய்க்கும் ஆயா ஒருவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வயசு எழுபத்தைந்துக்குக் குறையாது. முகம் முழுக்கச் சுருக்கம். 'ஆஹா, பரிசு!' என்றது மனசு. ஐம்பதடி தள்ளி ஒரு புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஜூமை இழுத்து இழுத்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆயா எது, ஆடு எது என்றே தெரியவில்லை.

உத்திரமேரூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் ஓடினேன். ஏழாம் வகுப்பில் ஒற்றெழுத்தை விட்டதற்காக என்னிடம் குட்டு வாங்கியவன். அன்றைக்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்தான்.

"சார், லென்ஸைத் துடைச்சு எத்தனை நாளாச்சு?"

"அதை வேற துடைக்கணுமா?"

மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்தான். மார்கழிப் பனி மாதிரி இருந்த படம் பளிச்சென்று ஆயிற்று.

"ஜூம் பண்ணாதீங்க சார். உங்க போன்ல ஒரே லென்ஸ். ரெண்டு மடங்கு ஜூம்னா, நடுவுல இருக்கிற கால்வாசியை மட்டும் வெட்டிப் பெரிசாக்கும். 12 மெகாபிக்சல் 3 ஆயிடும். கிட்ட போகணும்னா காலால நடந்து போங்க. முகத்து மேல விரலால தொட்டா ஃபோகஸ் அங்கே நிக்கும். உச்சி வெயில்ல எடுத்தா கண்ணு ரெண்டும் குழியாத் தெரியும். காலையில ஏழு மணிக்கு முன்னாடி, இல்லேன்னா சாயங்காலம் அஞ்சுக்கு மேல எடுங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா சுருக்கிடும். டாக்குமெண்டா அனுப்புங்க."

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"2022-ல ஆப்பிள் கம்பெனி வெச்ச மேக்ரோ போட்டியில, கோலாப்பூர் பிரஜ்வல் சௌகுலே படமும் ஜெயிச்சுது. என்ன எடுத்தார் தெரியுமா? சிலந்தி வலையில பனித்துளி!"

"அவர் போன் என்ன விலை இருக்கும்?"

"அதை விடுங்க சார். காலங்காத்தால எழுந்து போனாரே, அதைப் பாருங்க."

அதோடு விடவில்லை. வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கே அழைத்துப் போனான். பராந்தக சோழனின் குடவோலைக் கல்வெட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. 919-லும் 921-லும் வெட்டியவை. முப்பது வருஷம் நான் வகுப்பில் நடத்திய பாடம். நேருக்கு நேர் ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். வெறும் கருங்கல். அவன் தன் போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தான். எழுத்துக்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

"முகமும் இப்படித்தான் சார். சுருக்கம் தெரியணுமா, பக்கத்துலேர்ந்து வெளிச்சம் வரணும்."

மறுநாள் காலை ஆறரைக்கு ஏரிக்கரை. இந்தத் தடவை ஒளியவில்லை, நடந்தே போனேன்.

"இன்னா வாத்தியாரே, காலங்காத்தால?"

"ஒரு போட்டோ எடுக்கலாமா ஆயா?"

"இரு, தலை வாரிக்கிறேன். வேற பொடவை கட்டிக்கினு வரேன்."

"வேணாம் ஆயா, அப்படியே இருங்க. அதுதான் அழகு."

ஆயாவுக்கு ஏமாற்றம். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கவாட்டு வெயில், ஒவ்வொரு சுருக்கமும் கல்வெட்டு மாதிரி. பதினோரு படம் எடுத்தேன்.

"எனக்கு ஒண்ணு குடுப்பியா வாத்தியாரே?"

"கண்டிப்பா ஆயா!"

போட்டிக்கு அனுப்பப் போகிறேன் என்று அவரிடம் சொல்லவும் இல்லை. அனுப்பிய பிறகு, கொடுத்த வாக்கு ஞாபகத்தில் இருக்கவும் இல்லை.

ரிசல்ட் வந்தது. எனக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. அன்றைக்குப் பார்த்து மனைவி சொன்னாள்: "ரேஷன் கடையில அந்த ஆயாவைப் பார்த்தேன். 'வாத்தியாரு போட்டா தரேன்னாரே'ன்னு கேட்டாங்க."

சுருக்கென்றது. குடவோலைக் கல்வெட்டில் ஒரு விதி உண்டு. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் சொந்தக்காரர்கள் பெயரையும் போடக் கூடாது. பராந்தகன் நடுவராக இருந்திருந்தால் என்னை மட்டுமல்ல, என் மச்சானையும் சேர்த்துத் தள்ளியிருப்பான்.

பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். போட்டிக்கு அனுப்பியதையும் ஒப்புக்கொண்டேன்.

"ஜெயிச்சிதா?"

"இல்லை ஆயா."

"அதான் தலை வாரிக்கிறேன்னேன்!"

படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது நானா? எங்கம்மா சாவுறப்போ இப்பிடித்தான் இருந்துச்சு." அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு போட்டா கூட இல்ல வாத்தியாரே. போயி இருவது வருசம் ஆச்சு. மொகம் சரியா ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. பேரப்புள்ள கேட்டா இன்னாத்தக் காட்டுவேன்? என்னையாவது நல்லாப் புடிச்சுக் குடு."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் ஆயா பச்சைப் புடவை கட்டி, தலை வாரி, விபூதி இட்டு வந்தார். இந்த முறை பக்கவாட்டு வெயில் வேண்டாம் என்று வாசல் நிழலில், வானத்தைப் பார்த்து உட்கார வைத்தேன். முகத்துக்கு நேரே மெத்தென்ற வெளிச்சம். பாதிச் சுருக்கம் மறைந்தே போயிற்று. இரண்டு கைகளும் முட்டியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக ஆயா. கலை என்று பார்த்தால் பூஜ்யம். லென்ஸைத் துடைத்தேன். கிட்டே போனேன். முகத்தைத் தொட்டு ஃபோகஸ் வைத்தேன்.

8-க்கு 12 அங்குலத்தில் ஃபிரேம் போட்டு, ஆயா வீட்டுச் சுவரில் நானே ஆணி அடித்து மாட்டினேன். கிளம்பும்போது என் கையில் ஒரு பெரிய சுரைக்காயைத் திணித்தார்.

"எங்கே ஐயாயிரம்?" என்றாள் மனைவி.

சுரைக்காயை நீட்டினேன். "முதல் பரிசு!"

ஏற இறங்கப் பார்த்தாள். "கூட்டா, சாம்பாரா?" என்று கேட்டுக்கொண்டே அரிவாள்மணையை எடுத்தாள்.