வேபிறிட்ஜில் நிற்கும் பழைய சிவப்பு பஸ்கள்

எங்கள் பெரியப்பா லண்டனுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. நியூ மோல்டனில் எங்கள் வீட்டு முன்சன்னலுக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு கதிரை போட்டிருக்கிறோம். காலையில் அதில் இருந்தாரென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவார். றோட்டால் போகிற பஸ்களைப் பார்ப்பார். ஏதாவது கேட்டால் ஓம், இல்லை என்ற இரண்டு சொல்லோடு கதை முடிந்துவிடும். வயதுபோனவர்களைக் கூப்பிட்டு வைத்திருக்கும் வீடுகளுக்கு இது புதுச் செய்தியல்ல.

ஆனால் பெரியப்பா சும்மா இருந்து பழகியவர் அல்லர். 1968இல் இலங்கைப் போக்குவரத்துச் சபையில் பயிலுநராகச் சேர்ந்து, வேரஹெர வேர்க்‌ஷொப்பில் பதினைந்து வருடம் பிற்றராக வேலை செய்தவர். 1983 ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலேறி ஊருக்கு வந்தார். அவருடைய ஸ்பானர் பெட்டி கொழும்பிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் பஸ் எஞ்சினில் கைவைக்கவில்லை.

போன வசந்தகாலத்தில் எங்கள் மகள் பாடசாலையிலிருந்து ஒரு துண்டுப்பிரசுரம் கொண்டுவந்தாள். அதில் ஒரு சிவப்பு டபுள் டெக்கரின் படம். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பிள்ளை, இது ஆர்.ரி. இதை நான் கழட்டிப் பூட்டியிருக்கிறன்" என்றார். அடுத்த ஞாயிறே புறப்பட்டோம்.

நியூ மோல்டனிலிருந்து சேர்பிற்றன் போய், அங்கே ரெயின் மாறினால் வேபிறிட்ஜ். அங்கேதான் புறூக்லண்ட்ஸ் இருக்கிறது. 1907இல் திறந்த கார் ஓட்டப் பந்தயத் திடல் அது. மலைபோலச் சரிந்து நிற்கும் கொங்கிறீற் பாதையின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். பிறகு அங்கே விமானங்கள் கட்டினார்கள். அந்த வளவுக்குள்தான் லண்டன் பஸ் மியூசியமும் உண்டு. முன்பு கொபாமில் இருந்த இது 2011இல் இங்கே வந்தது. ஒரே ரிக்கற்றில் இரண்டையும் பார்க்கலாம். குதிரை இழுத்த பஸ்ஸிலிருந்து நாங்கள் கண்ட பஸ்கள்வரை வரிசையாக நிற்கின்றன. நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர்கள். அநேகமானோர் தலை நரைத்தவர்கள்.

ஆர்.ரி. பஸ்ஸைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். 1939இல் தொடங்கி 1954வரை இந்த இனத்தில் ஏறக்குறைய 7,000 பஸ்கள் லண்டனுக்காகக் கட்டப்பட்டன. கடைசி ஆர்.ரி. 1979 ஏப்ரலில் ஓய்வுபெற்றது. அதற்கு வெகுகாலம் முன்பே லண்டன் கழித்த பஸ்களை இலங்கை நூற்றுக்கணக்கில் வாங்கியது. இரு நாட்டிலும் வாகனம் இடப்பக்கம் ஓடுவதால் பின்பக்க ஏறுபடியைக்கூட மாற்றத் தேவையிருக்கவில்லை. வெள்ளவத்தையில் இருந்தவர்கள் காலி வீதியில் இவற்றில் தொங்கிக்கொண்டு போனதை மறந்திருக்க மாட்டார்கள். நாங்கள் இந்த நாட்டுக்கு வருமுன்பே இந்த நாட்டு பஸ் எங்களிடம் வந்துவிட்டது.

வேர்க்‌ஷொப் பக்கம் போனால் போருக்கு முற்பட்ட ஒரு பஸ் தோலுரித்த மாதிரி நின்றது. அந்தக் காலத்து பஸ்களுக்கு உள்ளே மரச்சட்டம், வெளியே தகடு. கூரையில் ஒரு சின்ன ஒழுக்கு இருந்தாலும் போதும், தண்ணீர் தகட்டுக்குள்ளால் இறங்கி மரத்தை உக்கச் செய்துவிடும். வெளியில் பெயின்ற் பளபளக்கும், உள்ளே சட்டம் மாவாகியிருக்கும். ஆகவே திருத்த வந்தவர்கள் முதலில் எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம் போட்டுப் படமெடுத்து வைக்கிறார்கள். உக்கிய மரத்தையும் எறிவதில்லை. புதிய துண்டு வெட்ட அதுதான் அளவு. கிடைக்காத பாகத்தைப் புதிதாக வார்ப்பிக்க வேண்டும். ஒரு பஸ் முடியப் பத்து வருடம் போனாலும் புதினமில்லை.

இப்படி எல்லாவற்றையும் மாற்றினால் அது பழைய பஸ்தானா என்று மகள் கேட்டாள். பெரியப்பா சிரித்தார். லண்டன் பஸ்களை முழுதாகப் பழுதுபார்க்க அல்டன்ஹாமில் 1986வரை ஒரு பெரிய வேர்க்‌ஷொப் இருந்தது. ஆர்.ரி. பஸ்கள் எல்லாம் ஒரே அச்சில் செய்தவை. அங்கே மேலுடலைத் தூக்கி ஒரு பக்கமும், அடிச்சட்டத்தை இன்னொரு பக்கமும் திருத்தி, முடிந்த உடலை முடிந்த சட்டத்தில் பூட்டி அனுப்பினார்கள். ஒரே இலக்கத்தோடு ஓடிய பஸ் தன் வாழ்நாளில் பல உடல் மாறியிருக்கும். "ஓடினால் அது பஸ், பிள்ளை" என்றார் பெரியப்பா.

அந்நேரம் வெளியே ஒரு ஆர்.ரி.யை ஸ்ராட் பண்ணினார்கள். ஏறப்போன எங்களைத் தொண்டர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். எங்களுக்கு விளங்கவில்லை. "காத்து ஏற வேணும்" என்றார் பெரியப்பா. இந்த பஸ்ஸுக்குப் பிரேக்கும் கியரும் காற்றழுத்தத்தில் வேலை செய்கின்றன. அழுத்தம் ஏறாமல் எடுக்க முடியாது. கியரும் வேறுவிதம். ஸ்ரியரிங்கின் கீழே உள்ள சின்னக் கைபிடியில் அடுத்த கியரை முதலே தெரிந்து வைத்து, வேண்டிய நேரத்தில் இடதுகால் பெடலை மிதித்தால்தான் மாறும். கிளச் தட்டுக்குப் பதிலாக எண்ணெய் சுழலும் ஒரு சில்லு.

மகள் மொழிபெயர்க்க, அந்தத் தொண்டர் பெரியப்பாவைப் பொனற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வெக்கைக்கு இந்த எஞ்சினை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். பெரியப்பா ரேடியேற்றரைக் கழற்றி உள்ளே படிந்த சுண்ணாம்பைக் கழுவிய விதத்தைக் கையாலேயே காட்டினார். தொண்டர் தன் கஷ்டத்தைச் சொன்னார். குளிர்காலத்தில் உறையாத் திராவகம் கலக்க மறந்தால் தண்ணீர் உறைந்து விரிந்து எஞ்சின் இரும்பையே பிளந்துவிடுமாம். "தண்ணி இரும்பைப் பிளக்குமோ?" என்று பெரியப்பா வியந்து போனார். அங்கே கொதித்தது, இங்கே உறைகிறது. இரண்டு கிழவர்களும் அரை மணித்தியாலம் நின்றார்கள்.

சும்மா நிற்கும் பஸ்தான் கெதியில் பழுதாகும் என்றார் அவர். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் உள்ளே ஈரம் தங்கும். நன்றாகச் சூடேறும்வரை றோட்டில் ஓட்ட வேண்டும். ரயர் ஓடாமலே வெடிக்கும், பற்றரி இறங்கும். இதைவிட அவருக்கு இன்னொரு கவலை. இந்த கியர்பொக்ஸைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். பாகத்தை வார்க்கலாம், கைப்பழக்கத்தை வார்க்க முடியாது. போகும்போது பெரியப்பாவிடம், மறுபடி வருவீர்களா என்று கேட்டார்.

வீட்டில் எங்களுக்குத் தயக்கம். இங்கிலிஷ் இல்லை, ரெயின் காசு வேறு, இந்த வயதில் விழுந்து எழும்பினால் யார் பார்ப்பது? பெரியப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. எங்கள் பயத்துக்காக அவரைக் கதிரையில் இருத்தி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. இப்போது மாதத்தில் இரண்டு நாள் மகளோடு போகிறார். முதல் இரண்டு மாதம் ஆணிகளைத் தரம்பிரிப்பதுதான் வேலை. முறைப்பாடு சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் கைத்தொழில் தெரிந்த ஒருவர் சன்னலோரம் இருந்தால் யோசியுங்கள். தஞ்சக்கோரிக்கை முடிவாகாதவர்களும் பதிவுபெற்ற அறநிலையங்களில் சம்பளமில்லாத தொண்டு செய்யலாம். முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேபிறிட்ஜுக்குப் போவதானால் பழைய பஸ்கள் ஓடும் நாளை விசாரித்துப் போங்கள். ஏறிப் போனால்தான் பிள்ளைகளுக்கு ருசிக்கும்.

அந்த பஸ்களின் ஆணிகளுக்கு இன்றைய மில்லிமீற்றர் ஸ்பானர் பிடிக்காது. பழைய அங்குல அளவுதான் வேண்டும். போன மாதம் கார் பூட் சேல் ஒன்றில் துருப்பிடித்த ஒரு கட்டு அகப்பட்டது. பெரியப்பா மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, சன்னல் படியில் சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கி வைத்திருக்கிறார். ஒருவரையும் தொட விடுவதில்லை.