ஈறு கெடாமல்

தமிழில் ‘ஈறு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று இறுதி, மற்றொன்று பல்லைப் பற்றி நிற்கும் தசை. ‘ஓடாத குதிரை’ என்பது ஈறு கெட்டு ‘ஓடாக் குதிரை’ என நின்றாலும் பொருள் குன்றுவதில்லை. வாயில் உள்ள ஈறு கெட்டாலோ பல் நிலைப்பதில்லை.

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வீசிய கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. கண்முன் நிகழ்ந்த அழிவு என்பதால் ஊர்கள் பதறின. ஈறுநோயும் வேரைப் பெயர்க்கும் அழிவுதான். ஆயினும், அது ஓசையின்றி ஆண்டுக்கணக்கில் நிகழ்வதால் எவரும் பதறுவதில்லை. மரத்தைத் தாங்குவது மண். பல்லைத் தாங்குவன ஈறும் தாடை எலும்பும்.

உண்டபின் பல்லின் மீது நுண்ணுயிர்கள் மெல்லிய படலமாகப் படிகின்றன. துலக்கினால் அப்படலம் அகன்றுவிடும். விட்டுவிட்டால், உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து சில நாள்களிலேயே காரையாக இறுகத் தொடங்கும். காரையைத் தூரிகையால் அகற்ற இயலாது. அதன் அருகே ஈறு சிவந்து வீங்கும். துலக்கும்போது குருதி கசியும். இது முதல் நிலை. இந்நிலையில் பல்லைத் தூய்மை செய்தால் ஈறு முழுமையாக நலம் பெறும். கவனியாது விட்டால் ஈறு பல்லைவிட்டு விலகி இடையே பை போன்ற பள்ளம் உண்டாகும், எலும்பு கரையும், பல் ஆடும். கரைந்த எலும்பு தானே மீள்வதில்லை. பெரும்பாலும் வலி இல்லாமையே இந்நோயின் பெருவலிமை. குருதிக் கசிவு ஒன்றே அது தரும் முதல் எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கையைப் பலரும் தவறாகப் பொருள் கொள்கின்றனர். குருதி வருகிறதே என்று அவ்விடத்தைத் துலக்காமல் விடுகின்றனர். படலம் மேலும் தடிக்கிறது. பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் காணும் என்று அஞ்சுவோரும் உளர். உண்மையில் பல்லைத் தளர்த்துவது காரையால் வளரும் நோயே. காரையை அகற்றுவது அன்று.

ஆலங்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். “வயசானா பல்லு விழத்தானே செய்யும்?” என்பார் அவர். கடலை உருண்டையைப் பெயரனிடம் கொடுத்துவிட்டுக் கஞ்சியோடு அமைவார். மேற்பல்லும் கீழிதழும் பொருந்த வகரமும், மேற்பல்லின் அடியை நாநுனி பொருந்தத் தகரமும் பிறக்கும் என்கிறது நன்னூல். முன்பற்களை இழந்த அவர் “வா, தம்பி” என்று அழைக்கும்போது அவ்விரு எழுத்துகளும் குழைகின்றன. அவர் இழந்தது உணவின் சுவையை மட்டும் அன்று; சொல்லின் தெளிவையும் இழந்தார். இது முதுமையின் விதி அன்று. கவனியாது விட்ட நோயின் விளைவு.

உலகில் ஏறத்தாழ 100 கோடிப் பேர் கடும் ஈறுநோயால் வருந்துகின்றனர் என்று உலக நலவாழ்வு அமைப்பின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. புகையிலை இந்நோயை வளர்க்கிறது. நீரிழிவோ இதனோடு இருவழித் தொடர்புடையது: சர்க்கரை கட்டுக்குள் இல்லையெனில் ஈறு கெடும்; ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும்.

மருத்துவம் எளியது. அளவு பொறித்த மெல்லிய கருவியால் ஈற்றின் பள்ளத்தை மருத்துவர் அளப்பார். காரையை அகற்றி, தேவையெனில் ஈற்றின் கீழுள்ள வேர்ப்பகுதியையும் தூய்மை செய்வார். நோய் முற்றியிருந்தால் அறுவை மருத்துவமும் தேவைப்படலாம். அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவருதல் வேண்டும். புதுக்கோட்டையில் 2023ஆம் ஆண்டு அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால், இம்மருத்துவம் மாவட்டத்து மக்களுக்கு அருகிலேயே கிட்டுகிறது.

எனினும், மருத்துவர் செய்வது சிறுபகுதியே; நாள்தோறும் செய்ய வேண்டியது நோயாளியின் கையில் உள்ளது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு பல் துலக்கிய முன்னோர் அதனை நாள் தவறாது செய்தனர். இன்று மென்மையான தூரிகையால் காலையும் இரவும் இரண்டு நிமிடம், ஈறும் பல்லும் கூடும் விளிம்பில் அழுத்தாமல் துலக்க வேண்டும். பல்லிடுக்குகளை அதற்குரிய நூலாலோ சிறு தூரிகையாலோ தூய்மை செய்தல் வேண்டும். புகையிலையைத் தொடாதிருத்தல் வேண்டும்.

பதினாறு வயதில் தோன்றும் ஈறுநோய் பெரும்பாலும் முதல் நிலையிலேயே இருக்கும், மீளக்கூடியது. நாளைக் காலை துலக்கியபின் உமிழும் நீரில் செந்நிறம் தெரிகிறதா என்று மாணவர் நோக்கலாம். வீட்டில் கடலையை ஒதுக்கிவைக்கும் பெரியவர் எவரேனும் உளரா என்றும் கேட்கலாம். இருப்பின், அவரைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். எஞ்சிய பற்களையேனும் காக்க அது போதும்.