வருகிற ஜலமும் போகிற ஜலமும்

பெங்களூரிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் ஓசூர் வந்து சேரலாம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் உள்ள ஊராகையால், சித்திரை மாதத்திலும் மாலைக் காற்று சிலுசிலுவென்று வீசுகிறது. குன்றின்மேல் சந்திரசூடேசுவரர் எழுந்தருளியிருக்கிறார்.

வீடு மாறாமலே விலாசம் மாறிய ஊர் இது. சேலம் ஜில்லாவில் இருந்தது, 1965-ல் தருமபுரி ஜில்லாவுக்குப் போயிற்று. 2004-ல் கிருஷ்ணகிரி ஜில்லாவுக்கு வந்தது. 2019-ல் மாநகராட்சி என்ற பட்டமும் கிடைத்தது. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு, 1980-ல் டி.வி.எஸ். மொபெட்டும் அசோக் லேலண்டு லாரியும், 1987-ல் டைட்டன் கைக்கடிகாரமும் இங்கிருந்து புறப்பட்டன. தேசம் முழுவதற்கும் மணி காட்டும் ஊர் என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் அந்த ஊரின் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும்? இதைத்தான் நாம் சென்றிருந்த ஒரு குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் கேட்டார்கள்.

கூட்டம் ஒரு வீட்டு மாடியில் நடந்தது. காரியதரிசி தமிழில் குறைகளை வாசித்தார். ஆட்சேபணைகள் தெலுங்கில் கிளம்பின. சமாதானம் கன்னடத்தில் ஏற்பட்டது. தோண்டிய சாலை மூடப்படவில்லை, விளக்கு எரியவில்லை, சாக்கடை நிரம்பி வழிகிறது. நேற்றுவரை ராகி விளைந்த கொல்லையில் இன்று மனைக்கற்கள் நிற்கின்றன. வீடு முதலில் வருகிறது, சாக்கடை பிறகு வருகிறது. இவையே புகார்களின் சாரம்.

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மாள், "ஏனப்பா, வருகிற ஜலத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். நம் வீட்டை விட்டுப் போகிற ஜலம் எங்கே போகிறது?" என்று கேட்டார். கூட்டம் மௌனமாகிவிட்டது.

விடையைத் தேடி மறுநாள் கெலவரப்பள்ளி அணைக்குப் போனோம். நந்தி மலைப் பக்கத்தில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையும் ஏற்றுக்கொண்டு இங்கே வருகிறது. மதகு திறந்தால் வெண்ணுரை மலைபோல் பொங்குகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பாற்கடல். அருகில் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வாசலில் ஓடும் நதியின் நிலைமை இது. குடிப்பதற்கோ, ஒகேனக்கல்லிலிருந்து காவிரி ஜலத்தை இயந்திர பலத்தினால் ஆயிரம் அடிக்கு மேல் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறி 2013-ல் தொடங்கிய திட்டம் அது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து, பல்லையும் எலும்பையும் கெடுத்து வந்த இந்தப் பிரதேசத்துக்கு அது பெரிய வரப்பிரசாதந்தான்.

பெங்களூரைக் குறை கூறியபடி திரும்பும்போது பாட்டியம்மாளின் கேள்வி மறுபடியும் நினைவுக்கு வந்தது. தென்பெண்ணை ஓசூரோடு நின்றுவிடுவதில்லை. கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை ஆகியவற்றைத் தாண்டிக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. பெங்களூர் ஓசூருக்குச் செய்வதை ஓசூர் கிருஷ்ணகிரிக்குச் செய்யலாகாது அல்லவா? நதிக்கு ராஜ்ய எல்லையும் தெரியாது, மாநகராட்சி எல்லையும் தெரியாது.

ஓசூருக்கு அருகேயுள்ள தொரப்பள்ளியில்தான் 1878-ல் ராஜாஜி பிறந்தார். 1948-ல் கவர்னர் ஜெனரலாவதற்கு வெகுகாலம் முன்பே, 1917 முதல் 1919 வரை, அவர் சேலம் நகரசபைத் தலைவராக இருந்தார். சுயராஜ்யத்துக்கு முதற் பாடசாலை நகரசபை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. அந்தப் பாடசாலையின் திண்ணைப் பள்ளிக்கூடம் என்று குடியிருப்போர் சங்கத்தைச் சொல்லலாம்.

ஊர் திரும்புமுன் காரியதரிசியைப் பார்த்தோம். மனுவில் பதினோராவது கோரிக்கை ஒன்றைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார். "எங்கள் தெருக் கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகே ஏரியிலும் ஆற்றிலும் விட வேண்டும்" என்பது அது.

"பாட்டியம்மாள் விடவில்லை, ஸார்! அதை முதலாவதாகப் போடச் சொல்கிறார்கள்" என்றார்.

போட்டுவிடுங்கள் என்று நாமும் சிபாரிசு செய்துவிட்டு வந்தோம்.