அறுபது பேரின் பெயர்கள்

மே 3, சனி

அக்கா மகள் சென்னையிலிருந்து வந்துவிட்டாள். பத்தாவது எழுதி முடித்த விடுமுறை. தஞ்சாவூர் வெயிலுக்குச் சாயங்காலம் வரை வெளியே தலைகாட்ட முடியாது. சாப்பிட்டுக் கை கழுவியதும், "சித்தி, உங்க லேப்டாப்ல என்ன கேம் இருக்கு?" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' ஆட்டத்தைத் திறந்து அவள் முன் வைத்தேன். 2018-இல் அது வெளிவந்த சமயத்திலேயே நான் விளையாடி முடித்தது. அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

திரையைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. "கலரே இல்லையா?" இல்லை. கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான். சாம்பல் நிறம்கூடக் கிடையாது. நிழல் வேண்டிய இடத்தில் புள்ளிகளை அடர்த்தியாகவும் ஐதாகவும் தெளித்திருக்கிறார் லூகாஸ் போப். பழைய மேக்கின்டோஷ் கணினித் திரையை மனத்தில் வைத்துச் செய்தது. நாம் நடக்கும்போது அந்தப் புள்ளிகள் ஈ மொய்ப்பதுபோல் அலையாமல் பார்ப்பவர் கண்ணுக்கு நிலையாக இருக்க வேண்டும் என்று அவர் வெகுநாள் உழைத்தார். நிரல், படம், இசை மூன்றையும் பெரும்பாலும் அவரே செய்தார். சோதனை வடிவம் 2014-இல் வந்தது, முழு ஆட்டம் வர மேலும் நான்கு வருடம் ஆயிற்று.

கதை 1807-இல் நடக்கிறது. ஐந்து வருடம் முன்பு லண்டனிலிருந்து கிழக்கே புறப்பட்டு, காணாமல் போய்விட்டதாக எழுதி மூடப்பட்ட கப்பல், இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குள் ஆளில்லாமல் மிதந்து வருகிறது. கப்பலில் போனவர்கள் அறுபது பேர். நாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார், யாரால் ஆனார் என்று ஒரு புத்தகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கையில் ஒரு கடிகாரம் உண்டு. எலும்புக் குவியலின் முன்னால் நின்று அதைத் திறந்தால் திரை இருட்டாகும். அந்த மனிதரின் கடைசி நொடிகளில் கேட்ட பேச்சும் சத்தமும் காதில் விழும். பிறகு அவர் உயிர் பிரிந்த கணம் அப்படியே உறைந்து நிற்கும். அதற்குள் நாம் நடந்து சுற்றிப் பார்க்கலாம்.

முதல் கணத்திலேயே பிள்ளை லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மே 4, ஞாயிறு

இன்று பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். போனைத் தொடக் கூடாது, யூடியூபில் தேடக் கூடாது என்பது ஒப்பந்தம். எனக்கு விடைகள் பாதிக்கு மேல் மறந்துவிட்டன. நினைவில் இருப்பதையும் சொல்வதாக இல்லை.

இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கும் இடத்தை அவள் இன்று கண்டுபிடித்துவிட்டாள். ஒருவருடைய பெயரையும் முடிவையும் சரியாக எழுதினாலும் புத்தகம் வாய் திறக்காது. மூன்று பேருடையது சரியாக அமைந்தால்தான், கையெழுத்தில் இருந்தது அச்செழுத்தாக மாறும். ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டிருந்தால் ஒரு முகத்துக்கு அறுபது பெயரையும் வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடலாம். மூன்று என்று வைத்ததும் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. நான் பார்த்த புதிர் ஆட்டங்களில் இதைவிட நேர்மையான விதி இல்லை.

ஆனால் ஓட்டையும் உண்டு. இரண்டு பேரைப் பற்றி உறுதியாகத் தெரிந்துவிட்டால், மூன்றாமவருக்குப் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். மதியமே அவள் அதையும் கண்டுபிடித்தாள். "இது சீட்டிங்கா சித்தி?" என்றாள். "நீயே சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு, குத்துமதிப்பாகப் போட்ட பெயரை அழித்துவிட்டு மீண்டும் கப்பலின் அடித்தளத்துக்கு இறங்கினாள்.

மே 7, புதன்

மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. லேப்டாப்பும் அணைந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து, நான் விளையாடிய மற்ற ஆட்டங்களைக் கதையாகச் சொன்னேன்.

சாம் பார்லோவின் 'ஹெர் ஸ்டோரி' 2015-இல் வந்தது. பழைய போலீஸ் கணினி. 1994-இல் ஒரு பெண்ணை விசாரித்தபோது எடுத்த வீடியோ, 271 துண்டுகளாக அதில் கிடக்கிறது. நாம் ஏதாவது ஒரு சொல்லைத் தட்டினால் அந்தச் சொல்லை அவள் பேசியிருக்கும் துண்டுகள் வரும். ஆனால் முதல் ஐந்து மட்டும்தான். கேள்வி கேட்ட போலீஸ்காரரின் குரல் கடைசிவரை கேட்காது. பதிலை வைத்துக் கேள்வியை நாமே ஊகிக்க வேண்டும். 'கொலை' என்ற சொல் ஏற்கெனவே தட்டிவைக்கப்பட்டிருக்கும், அங்கிருந்து தொடங்குகிறோம். அவள் வாயில் வரும் ஒரு பெயர், ஒரு பொருள், எதை அடுத்துத் தட்டுவது என்பதுதான் ஆட்டம். நடிகை வீவா சைஃபர்ட் ஒருவர் முகத்தை மட்டும் நம்பி எடுத்திருக்கிறார்கள், அவர் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியும் இருக்கிறார்.

"கடைசியில கொலை பண்ணது யாருன்னு சொல்லுமா?" என்றாள். சொல்லாது. நாம் கண்டது சரியா தவறா என்று அந்த ஆட்டம் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. முடித்த அன்று எனக்கு அது குறையாகப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. ஓப்ரா டின் மூன்று பேருக்கு ஒருமுறை 'சரி' என்று சொல்லும்போது வரும் நிம்மதி அதில் கிடைக்கவே இல்லை.

மே 10, சனி

"சித்தி, இந்தியாக்காரங்களும் இருக்காங்க!"

பணியாளர் பட்டியலில் பெயர், வேலை, நாடு மூன்றும் இருக்கும். சாலமன் சையத், கடலோடி, இந்தியா. ரென்ஃபிரெட் ராஜுப், கடலோடி, இந்தியா. இன்னும் சிலரும் உண்டு. "ராஜுப்னு யாராவது பேர் வைப்பாங்களா?" என்று கேட்டாள். கம்பெனி எழுத்தர் தன் காதில் விழுந்ததை எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆட்டத்தில் கேப்டன், மேட், சர்ஜன் என்று பதவியில் இருப்பவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. யாராவது பதவியைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அல்லது உடையே காட்டிக்கொடுக்கும். கடினமானவர்கள் சாதாரணக் கடலோடிகளும் பாய்மரம் ஏறுகிறவர்களும்தான். இந்தியர், சீனர், ரஷ்யர், பாரசீகர் என்று பலர். யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆகவே பார்க்க வேண்டும். யார் பக்கத்தில் உட்கார்கிறார், எந்த மொழியில் முணுமுணுக்கிறார், எந்தத் தொங்குபடுக்கையில் படுக்கிறார், அதில் என்ன எண் இருக்கிறது, காலில் என்ன போட்டிருக்கிறார். கப்பலில் இருந்த ஓவியர் வரைந்த படங்களில் அவர் எந்த மூலையில் நிற்கிறார். ஒரு முகத்துக்காக ஒரே அறைக்குப் பத்துத் தடவை போக வேண்டியிருக்கும்.

கம்பெனிக் கப்பல்களில் வேலை பார்த்த நம் பக்கத்துக் கடலோடிகளுக்கு லஸ்கர் என்று பெயர். படை என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. செராங் என்ற தலைவனின் கீழ் அவர்களைக் கூட்டமாக வேலைக்கு எடுத்தார்கள். அந்தச் சொல் கப்பலோடு நின்றுவிடவில்லை. பொதுப்பணித் துறையில் வாய்க்கால் காவலுக்கும் ஷட்டர் ஏற்றி இறக்குவதற்கும் இருந்தவர்களுக்கும் அதே பெயர்தான். என் அப்பா கல்லணைக் கால்வாயில் லஸ்கர். "லஸ்கர் வீடு எது?" என்று கேட்டால்தான் ஊரில் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். அவர் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது.

2018-இல் விளையாடியபோது இது என் மனத்தில் படவே இல்லை. இன்று பிள்ளை அந்தப் பட்டியலைச் சத்தமாக வாசித்தபோதுதான் பட்டது. வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மே 13, செவ்வாய்

மாலையில் மூன்று பேர் விதி ஒரே மூச்சில் அச்செழுத்தானது. அவள் துள்ளவில்லை. அதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணுதான் சித்தி. போன்ல பார்த்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தமாக இருந்தது. சின்ன வயதில் என் பாட்டி விடுகதை போட்டால் அன்றைக்கு விடை சொல்ல மாட்டாள். கேட்டுக் கேட்டு அழுதாலும் மாட்டாள். மறுநாள் கிணற்றடியில் தானாக விடை தோன்றும்போது ஓடிப்போய்ச் சொல்வோம். இந்த மாதிரி ஆட்டங்களும் அந்த வகை. விடையைப் பிறர் சொல்லிவிட்டால் அது திரும்ப வராது.

'அவுட்டர் வைல்ட்ஸ்' பற்றிச் சொன்னேன். அலெக்ஸ் பீச்சம் கலிஃபோர்னியாவில் முதுநிலைப் படிப்புக்கான வேலையாகத் தொடங்கி, மோபியஸ் டிஜிட்டல் குழுவோடு 2019-இல் முழு ஆட்டமாக வெளியிட்டது. குட்டிச் சூரிய மண்டலம். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் அழியும். மறுபடி அதே நெருப்பருகே கண் விழிப்போம். கத்தி, கவசம், காசு என்று எதுவும் சேராது. சேர்வது நாம் தெரிந்துகொண்டது மட்டுமே. லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் சுவரில் எழுதிவைத்ததைப் படித்துப் படித்து, எங்கே, எப்போது, எப்படி என்று தெரிந்துகொள்கிறோம். எல்லாம் தெரிந்த ஒருவர் நேராகக் கடைசி இடத்துக்குப் போய்விடலாம். அதனாலேயே என்னால் அதை இன்னொரு முறை விளையாட முடியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. கலத்தை ஓட்டுவது தொல்லை பிடித்த வேலை, நான் பலமுறை சூரியனுக்குள்ளேயே விழுந்தேன். ஆனாலும் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். அதைத் தொடங்கப்போகும் யாரைப் பார்த்தாலும் எனக்கு ஏக்கம் வரும்.

இரவு அவளாகவே லேப்டாப்பைத் திறந்தாள். திருடிய அந்த ஒரு விடை ஏன் சரி என்று தேடத் தொடங்கினாள். பதினோரு மணிக்கு என்னை எழுப்பி, ஒரு தொங்குபடுக்கையின் எண்ணைக் காட்டினாள்.

மே 17, சனி

மாறுதலுக்காக 'சான்ட்ஸ் ஆஃப் செனார்'. பிரான்சின் ரண்டிஸ்க், 2023. பாபேல் கோபுரம் போன்ற ஒன்றில் தளத்துக்கொரு மக்கள், மக்களுக்கொரு எழுத்து. எதுவும் நமக்குப் புரியாது. கதவில் எழுதியிருப்பதையும் ஆட்கள் கையசைப்பதையும் சேர்த்துவைத்து ஒவ்வொரு குறிக்கும் பொருள் ஊகிக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் குறியை இரட்டித்தால் பன்மை. மேலே ஏறினால் சொல் வரிசையே மாறிவிடுகிறது. இங்கிலீஷ் வரிசைக்குப் பழகிய ஆட்டக்காரர்கள் அங்கே தடுமாறியிருப்பார்கள். தமிழில் சொற்களை இடம் மாற்றிப் பேசிப் பழகிய இவள் நிற்காமல் போனாள். காவலர் கண்ணில் படாமல் ஒளிந்து ஓடும் பகுதிகள் தேவையில்லாதவை. மொழியின் மேல் நம்பிக்கை வைத்த ஆட்டம் அங்கே மட்டும் நம்பிக்கை இழந்தாற்போல் இருக்கிறது.

லாத்வியச் சகோதரர்கள் இருவர் 2022-இல் செய்த 'தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்' ஆட்டத்தையும் ஒரு மணி நேரம் பார்த்தோம். கோடிட்ட இடத்தை நிரப்பும் கொலைக் கதைகள். இரண்டு அல்லது அதற்குக் குறைவான தவறு என்று அது சொல்லிவிடுவதால் இவளுக்குச் சலித்துவிட்டது. "மூணுதான் சரி சித்தி" என்று கப்பலுக்கே திரும்பினாள்.

மே 21, புதன்

அறுபதும் முடிந்தது. மணி மாலை ஆறு பத்து.

சில மரணங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணத்தை ஆட்டம் ஏற்கிறது, அது நியாயம். கடைசி ஐந்தாறு பேரில் இரண்டு பேரைக் கழித்துக் கழித்துத்தான் பிடித்தாள். அது அவளுக்குத் திருப்தி இல்லை. இந்தியர்களில் ஒருவரையும் அப்படி எழுதவில்லை. ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு பக்கம், முகத்தைப் பென்சிலால் வரைந்து, எதனால் இவர் இவர்தான் என்ற காரணத்தோடு. கதையின் முடிவை இங்கே எழுதமாட்டேன்.

மே 25, ஞாயிறு

நாளை அவள் ஊருக்குப் போகிறாள். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இருந்த ஒரு போட்டோவை எடுத்து வந்தாள். கால்வாய் ஷட்டருக்கு முன்னால் பதினோரு பேர் வரிசையாக நிற்கிறார்கள். பின்பக்கம் 1974 என்று நீல மையில் எழுதியிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. இடப்பக்கத்திலிருந்து நான்காவது ஆள் அப்பா. கையில் ஷட்டர் சாவி.

"அம்மாச்சி, இவங்கல்லாம் யாரு?"

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். ஒருவர் காதுக் கடுக்கனை வைத்துச் சொன்னாள். ஒருவர் ஒக்கநாட்டுக்காரர், துண்டை எப்போதும் அப்படித்தான் போடுவாராம். இன்னொருவர் அப்பாவின் தோளில் கை போட்டிருப்பதால் யாரென்று தெரிந்தது. பிள்ளை அதே நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டு எழுதிக்கொண்டாள். மற்றவர்களைப் பற்றி, அப்பாவோடு வேலை பார்த்துப் பூதலூரில் இருக்கும் பெரியவரிடம் கேட்கச் சொன்னாள் அம்மா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போய்வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நான்கு பெயர் தெரிந்திருக்கிறது. ஏழு பாக்கி.