பனிக்கட்டிக்கு ஒரு போர்வை

சிரம்பான் சந்தையில் மீன் வாங்குவது எளிது. அதைக் கோலா கிளாவாங் தோட்டத்து வீடுவரை கெடாமல் கொண்டு சேர்ப்பதே அரிது. இடையே சுமார் 40 கிலோமீட்டர் வழி. புக்கிட் தங்கா மலையின் வளைவுகள். மேலே சுடும் வெயில். பால்மரம் வெட்டி ஈட்டிய கூலியில் வாங்கிய மீன் வழியிலேயே கெட்டால், இழப்பது மீன் மட்டுமன்று. ஒரு நாளைய உழைப்புமன்றோ?

தோட்டத்துத் தாய் ஒருத்தி இதற்கு வழி கண்டிருந்தாள். மீனைப் பனிக்கட்டித் துண்டுகளின் நடுவே வாளியில் வைத்து மூடி, பழைய கம்பளியால் இறுகச் சுற்றிக் காரில் ஏற்றினாள். பள்ளியில் பயிலும் மகன் நகைத்தான்.

"கம்பளி போர்த்தினால் சூடாகிப் பனிக்கட்டி உருகிவிடாதா, அம்மா?"

"கம்பளிக்கு ஏது தம்பி சொந்தச் சூடு? உள்ளே இருப்பதை வெளியே விடாது. வெளியே இருப்பதை உள்ளே விடாது. அவ்வளவுதான்."

அவள் கூறியது அறிவியல் உண்மை. கம்பளி இழைகளுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. மரத்தூளும் வைக்கோலும், இன்றைய நுரைப்பெட்டியும் இவ்வாறே பயன்படுகின்றன. 1833இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் பனிக்கட்டி ஏற்றிச் சென்ற கப்பல் நான்கு மாதம் கடலில் இருந்தது. ஆயினும் ஏற்றிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் கரை சேர்ந்தது. அவ்வாணிகத்தின் நினைவாகச் சென்னைக் கடற்கரையில் இன்றும் நிற்பதே ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கியதால் அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றது.

எனினும் போர்வை வெப்பத்தைத் தாமதப்படுத்துமேயன்றி அறவே தடுக்காது. 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும். அந்நிலையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் கிடந்த மீனும் இறைச்சியும் சமைத்த உணவும் உண்ணத்தக்கவையல்ல. கடும் வெயிலில் ஒரு மணி நேரமே எல்லை. ஆகவே மீனையும் இறைச்சியையும் இறுதியில் வாங்குதல் வேண்டும். வாங்கியபின் வேறெங்கும் நில்லாது வீடு திரும்புதல் வேண்டும். சுடு சோற்றையும் குளிர்ந்த மீனையும் ஒரே பெட்டியில் வைத்தலாகாது. ஒன்று ஆறும், மற்றொன்று சூடேறும், இரண்டும் கெடும்.

வீடு சேர்ந்து கம்பளியைப் பிரித்தபோது பனிக்கட்டி பாதிக்குமேல் கரையாமல் இருந்தது. மகன் வியந்தான். வெப்பம் கடத்தாப் பொருள்களைத் தேர்வில் வரிசையாக எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன்தான் அவன். ஆயினும் அப்பொருள்களுள் ஒன்று தன் வீட்டுக் கொடியில் தொங்கியதை அவன் அறிந்திலன். தாயோ பள்ளி வாயிலை மிதியாதவள். பட்டறிவால் அதனை அறிந்திருந்தாள். ஏட்டில் படித்ததை வீட்டில் காணும் கண்ணை மாணவர்க்குத் தருவதும் ஆசிரியரின் கடமையே.