கீழிருந்து வரும் வெயில்

எங்கள் பக்கம் கண்ணாடி இரண்டே வகைதான். பவர் கண்ணாடி, கூலிங் கிளாஸ். பவர் கண்ணாடி போட்டவன் படிக்கிற பிள்ளை. கூலிங் கிளாஸ் போட்டவன் கல்யாண வீட்டு மாப்பிள்ளை. இல்லையென்றால் கண் ஆபரேஷன் முடிந்து பஸ்ஸில் வீடு திரும்புகிற தாத்தா. ஸ்ரீவைகுண்டத்துக்காரனான நான் ஏழாம் வகுப்பிலிருந்து முதல் வகை. இப்போது மைனஸ் நாலரை.

மூன்றாவது வகை ஒன்று தேவைப்பட்டதற்குக் காரணம் குல்மார்க். பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் நான்கு பேர் பிப்ரவரியில் அங்கே போய்ப் பனிச்சறுக்குப் பழகுவதென்று முடிவு செய்து என்னையும் இழுத்துக்கொண்டார்கள். ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும், காகிள்ஸ் மட்டும் உன் முகத்துக்குப் பார்த்து நீயே வாங்கிக்கொள் என்றார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த நேரம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் சும்மா கேட்டுப் பார்த்தேன்.

"பனிக்குப் போடுற கண்ணாடி இருக்கா அண்ணாச்சி?"

"எந்தப் பனிக்கு? மார்கழிப் பனிக்கு மப்ளர்லா போடணும்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் பாஷையில் பனி என்றால் விடியற்காலையில் புல்லில் இருப்பது. வெயில் வந்தால் போய்விடும். வெயிலை வாங்கி அப்படியே நம் முகத்தில் திருப்பி அடிக்கிற பனிக்கு நாம் தனிச்சொல் வைத்துக்கொள்ளவில்லை, தேவை வரவில்லை.

கடையை விட்டு வந்து, ஒரு மென்பொருள்காரன் செய்கிற வேலையைச் செய்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். ஸ்பிரெட்ஷீட் போட்டேன். அதில் தேறியதைச் சொல்கிறேன், உங்களில் யாராவது போனால் உதவும்.

முதல் பாடம்: கறுப்பு வேறு, காப்பு வேறு. கண்ணைக் கெடுக்கும் புற ஊதாக்கதிர் கண்ணுக்குத் தெரியாத ஒளி. லென்ஸ் எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்பதற்கும் அது புற ஊதாக்கதிரை நிறுத்துகிறதா என்பதற்கும் சம்பந்தமில்லை. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், நிறமே இல்லாவிட்டாலும், கிட்டத்தட்ட முழுவதையும் நிறுத்திவிடும். மாறாக, புற ஊதாவைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி கொஞ்சம் ஆபத்தானது. இருட்டு என்று நினைத்துக் கண்மணி விரியும், விரிந்த வாசல் வழியாக வேண்டாதது கூடுதலாக உள்ளே போகும். 'யுவி 400' என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். 400 நானோமீட்டர் வரையுள்ள கதிர்கள் தடுக்கப்படும் என்று பொருள்.

இரண்டாவது, கறுப்பின் அளவு. லென்ஸ் வழியே எத்தனை சதவீத வெளிச்சம் உள்ளே வருகிறது என்பதை வைத்து 0 முதல் 4 வரை வகை பிரித்திருக்கிறார்கள். 0 என்றால் 80 சதவீதத்துக்கு மேல், ஏறக்குறைய வெறும் கண்ணாடி. 1 என்றால் 43 முதல் 80. 2 என்றால் 18 முதல் 43. 3 என்றால் 8 முதல் 18. 4 என்றால் 3 முதல் 8 சதவீதம்தான். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. முழு வெயிலில் 3, மேகமும் வெயிலும் மாறி மாறி வந்தால் 2, மூடுபனியிலும் பனிப்பொழிவிலும் 1. எல்லா வானிலைக்கும் ஒரே லென்ஸ் என்பது விளம்பரம். கழற்றி மாட்ட இரண்டு லென்ஸ் வைத்துக்கொள்வதே நடைமுறை.

மூன்றாவது, நிறம். மேகமூட்டத்தில் பனியில் நிழல் விழாது. மேடு பள்ளம் எல்லாம் ஒரே வெள்ளைத் தாளாகிவிடும், பள்ளம் இருப்பது கால் சொல்லித்தான் தெரியும். மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ் லென்ஸ்கள் நீல ஒளியைக் குறைத்து அந்த மேடு பள்ளத்தைக் கொஞ்சம் எடுத்துக் காட்டும். போலரைஸ்டு லென்ஸ் தரையிலிருந்து வரும் பளபளப்பை வெட்டும். கண்ணுக்குச் சுகம். ஆனால் பனிக்கட்டி எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பதே அந்தப் பளபளப்புதான் என்று வேண்டாம் என்பவர்களும் உண்டு.

நான்காவது, ஆவி படிவது. முகத்தின் சூடும் ஈரமும் உள்ளே, உறைகுளிர் வெளியே. டீக்கடையில் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனால் என்னைப் போன்றவர்களுக்கு நடப்பது அங்கே நாள் முழுக்க நடக்கும். அமெரிக்காவின் யூட்டாவில் பாப் ஸ்மித் என்ற பல் மருத்துவர் 1965 வாக்கில் இதற்கு வழி கண்டார்: இரண்டு லென்ஸ், நடுவில் அடைபட்ட காற்று, ஓரத்தில் காற்றுப் போகும் பஞ்சு. இன்றைக்கும் நல்ல காகிள்ஸ் எல்லாம் இந்த அமைப்புதான். உள்பக்கம் ஈரமானால் துடைக்கக் கூடாது, ஆவி படியாமல் இருக்கப் பூசிய பூச்சு போய்விடும்.

கடைசியாக, முகம். என்னைப் போன்ற மைனஸ்காரர்களுக்கு, கண்ணாடிக்கு மேலேயே மாட்டுவதற்கு ஓ.டி.ஜி. என்றொரு ரகம் இருக்கிறது, காதுக்கம்பி போக ஓரத்தில் வெட்டு விட்டிருப்பார்கள். மூக்கடியில் இடைவெளி விழுந்தால் குளிர்காற்று நேரே கண்ணுக்கு வரும். ஹெல்மெட்டுக்கும் காகிள்ஸுக்கும் நடுவே நெற்றி தெரியக் கூடாது. ஹெல்மெட்டோடு சேர்த்துப் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

இவ்வளவையும் பார்த்து வாங்கிய காகிள்ஸ் ஏழாயிரம் ரூபாய் ஆனது. நல்ல காகிள்ஸ்தான். குல்மார்க் 2650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கண்டோலா இரண்டு கட்டமாக அபர்வத் மலையில் சுமார் 3980 மீட்டர் வரை ஏற்றிவிடும். 1000 மீட்டர் ஏற ஏற புற ஊதாக்கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். போதாததற்குப் புதுப்பனி விழுந்த கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். புல்லும் மண்ணும் 10 சதவீதம்கூட அனுப்புவதில்லை, கடற்கரை மணலே 15 சதவீதம்தான். மேலே நின்று ஒரு நிமிடம் காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தேன். வெளிச்சம் வானத்திலிருந்து வரவில்லை. காலடியிலிருந்து வந்தது. தொப்பியின் விளிம்பு, புருவம், இமை என்று உடம்பு கண்ணுக்குக் கட்டிவைத்த கூரை எல்லாம் மேலிருந்து வருவதற்குத்தான். கீழிருந்து வருவதற்கு எதுவுமே இல்லை.

அந்த வெளிச்சத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். பழையகாயலில்.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி என்று வயலுக்கு வயல் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்து, ஸ்ரீவைகுண்டத்தில் கடைசி அணைக்கட்டைத் தாண்டி, ஏரல் வழியாகப் புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. ஆற்றோடு கூடவே வருகிற பச்சை கடைசிச் சில மைலில் நின்றுவிடும். பிறகு வெள்ளை. தூத்துக்குடி, முள்ளக்காடு, பழையகாயல், ஆறுமுகநேரி என்று உப்பளங்கள். எங்கள் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பனிமலை அதுதான், படுத்துக் கிடக்கிறது. அத்தையைக் கட்டிக்கொடுத்தது அங்கே. முப்பது வருஷமாக உப்பு வாருகிறாள்.

தை, மாசியில் தொடங்கி மழை வரும்வரை வேலை. விடியுமுன்னே பாத்தியில் இறங்கி, வெயில் உச்சிக்கு வருவதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள். கெட்டியான உப்புத்தண்ணீர் கணுக்காலைச் சுற்றி நிற்க, வாருபலகையால் உப்பை ஓரத்துக்கு இழுக்க வேண்டும். சுற்றிலும் ஈர உப்பு, அம்பாரம் அம்பாரமாகக் காய்ந்த உப்பு, நடுவில் கண்ணாடி மாதிரித் தண்ணீர். தலையில் துண்டைக் கட்டி முன்னால் இழுத்துவிட்டுக்கொள்வார்கள். மேல்வெயிலுக்கு அது போதும். கீழ்வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குவதுதான் ஒரே வழி. ஆர்க்டிக்கின் இனுயிட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் தந்தத்திலும் மெல்லிய கீற்று வெட்டிப் பனிக்கண்ணாடி செய்துகொண்டார்கள். அத்தை அதே கீற்றைத் தன் இமைகளாலேயே செய்துகொண்டாள். கண்ணோரச் சுருக்கம் இப்போது தூங்கும்போதும் விரிவதில்லை.

அவளுக்கு வலது கண்ணில் சதை வளர்ந்தது. மூக்கோரத்திலிருந்து கிளம்பி, ஈசல் இறகு மாதிரி கருவிழி மேல் ஏறும். வெயிலிலும் காற்றிலும் தூசியிலும் காலம் கழிப்பவர்களுக்கு வருவது. ஏன் பெரும்பாலும் மூக்குப் பக்கமே வருகிறது என்பதற்கு ஓர் அழகான விளக்கம் இருக்கிறது: காதுப் பக்கமிருந்து சாய்வாக நுழையும் வெளிச்சத்தைக் கருவிழி ஒரு லென்ஸ் போலக் குவித்து எதிர்ப்பக்க ஓரத்தில் விழவைக்கிறது. அப்படியென்றால், முன்னால் மட்டும் மறைக்கிற மாப்பிள்ளைக் கண்ணாடியால் பயன் குறைவு. பக்கவாட்டில் சுற்றி மூட வேண்டும். திருநெல்வேலியில் ஆபரேஷன் பண்ணிச் சதையை எடுத்தார்கள். அது திரும்ப வளரக்கூடிய வியாதி. போன வருஷம் இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, இன்னும் பாப்பாவைத் தொடவில்லை. "வெயிலுக்கு மறைச்சுக்கோங்கம்மா" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எதைக் கொண்டு என்று சீட்டில் எழுதவில்லை.

குல்மார்க்கிலிருந்து வந்தபிறகு அந்த ஸ்பிரெட்ஷீட்டை மறுபடி திறந்தேன். பெயரை மட்டும் மாற்றி, அத்தைக்கு எது என்று.

ஊருக்குப் போகும்போது மூன்று ரகம் எடுத்துப் போனேன். ஒன்று என் பனி காகிள்ஸ், எப்படி இருக்கிறதென்று பார்க்க. இரண்டு, நல்ல கறுப்பில் போலரைஸ்டு கூலிங் கிளாஸ். மூன்று, லேத் பட்டறையில் போடுகிற பாலிகார்பனேட் கண்ணாடி, தவிட்டு நிறம், பக்கவாட்டில் வளைந்து மூடியது. இருநூறு ரூபாய்க்குள்.

முதலாவது ஐந்து நிமிடம் தாங்கவில்லை.

"வேது புடிக்க மாதிரி இருக்கு மருமவனே. மூச்சு முட்டுது."

குளிரில் வேலை செய்யும் அடைப்பு, வேர்வையில் சித்திரவதை. உப்பளத்தில் ஆவி படிவதல்ல பிரச்சினை. லென்ஸே முகத்தளவு சூடாக இருக்கிறது. நெற்றி வேர்வை லென்ஸில் வடிந்து, காய்ந்து, உப்புப் பூத்துவிடுவதுதான் பிரச்சினை. வேண்டியது மேலே வேர்வை உறிஞ்ச ஒரு பட்டை, கீழே திறந்த காற்றோட்டம்.

இரண்டாவதைப் போட்டதும் அத்தை சிரித்தாள். தண்ணீரின் பளபளப்பு போய் அடியில் கிடக்கும் உப்பு தெளிவாகத் தெரிந்தது.

"ஏ, கிணத்துக்குள்ள பாக்க மாதிரிலா இருக்கு!"

பனியில் போலரைஸ்டு வேண்டாம் என்பவர்களின் காரணம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கழற்றிவிட்டாள். பலகையை அழுத்தினால் அடிச்சேறு உப்போடு கலந்து வந்துவிடும், அந்த நிற வித்தியாசத்தைப் பார்த்துத்தான் கை அழுத்தும். விடியுமுன் இருட்டில் இது ஆகவே ஆகாது. "சேறும் உப்பும் ஒண்ணாத் தெரியுது. கண்ணக் காப்பாத்தப் போயி கூலியக் கெடுத்துக்கிடவா?"

மூன்றாவது நின்றது. இரண்டு குறைகளோடு. வேர்வையில் மூக்கில் வழுக்குகிறது. அப்புறம், "இதப் போட்டுக்கிட்டு இறங்குனா சிரிப்பாளுவ." முதல் குறைக்குப் பின்னால் கயிறு கட்டினோம், நெற்றித் துண்டை அதற்கு மேல் இழுத்துக் கட்டியதில் வேர்வைக்கும் வழி பிறந்தது. இரண்டாவது குறைக்கு என் ஸ்பிரெட்ஷீட்டில் கட்டமில்லை.

இது ஏழைமை பற்றிய புலம்பல் இல்லை, வடிவமைப்பு பற்றிய பேச்சு. 1976-ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-ல் அது திருநெல்வேலிக்கும் வந்தது. கண்புரை ஆபரேஷனில் உள்ளே வைக்கும் லென்ஸ் அப்போது இறக்குமதி, ஒன்று நூறு டாலர் அளவில். 1992-ல் ஆரோலேப் தொடங்கி அதே லென்ஸைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணுக்குள்ளே போகிற லென்ஸ், மில்லிமீட்டர் பிசகினால் பார்வை போகிற சாமான், அதையே நம் ஊர் விலைக்கு நம் ஊரில் செய்ய முடிந்திருக்கிறது. கண்ணுக்கு வெளியே மாட்டுகிற பிளாஸ்டிக் அதைவிடக் கஷ்டமா? யாருக்காக என்று யாராவது உட்கார்ந்து யோசித்தால் போதும். வருஷத்துக்கு ஐந்து நாள் பனியில் விழுந்து எழும் எனக்காகக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து, மூக்கின் உயரத்துக்கு ரகம் பிரித்து, பஞ்சை மூன்று அடுக்காக்கி யோசித்திருக்கிறார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை, அனுபவித்தேன். அதே யோசனையில் கால்வாசி, வருஷத்தில் எட்டு மாதம் உப்பில் நிற்கும் கண்களுக்கு வந்து சேரவில்லை.

அந்தக் கண்ணாடியை அத்தை தினமும் போடுகிறாளா என்று கேட்டால், வெயில் ஏறிய பிறகு போடுகிறாள் என்பார்கள். இடது கண் இந்த ஆறு மாதத்தில் அப்படியே இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குக் கண்ணாடிதான் காரணம் என்று ஆறு மாதத்தில் யாரும் சொல்ல முடியாது. உப்புப் பொடி கீறிக் கீறி லென்ஸ் மூன்று மாதத்தில் மங்கிவிடுகிறது.

போன வாரம் வாட்ஸாப்பில் அவள் குரல் வந்தது. பின்னால் பம்புசெட் சத்தம்.

"மருமவனே, அந்தக் கண்ணாடி இன்னும் ஆறு வேணும். இவளுவளும் கேக்காளுவ. கறுப்பு வேண்டாம், தவிட்டு நெறமே அனுப்பு. கயிறு நல்லா நீளமா இருக்கட்டும், கொண்டைக்கு மேல கட்டணும்லா. எவ்வளவு ஆச்சுன்னு சொல்லு, அவளுவ காசு குடுத்துருவாளுவ."